தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மேளம் பழக்க முதலில் எதை வாங்குவது?

டிக்கோயாப் பக்கத் தோட்டமொன்றில் கோயில் இளைஞர் சங்கத்தை நடத்தும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். ஏழு வயதிலிருந்து பதின்மூன்று வயது வரை பதினெட்டுப் பிள்ளைகள் சேர்ந்திருக்கிறார்கள். கொழும்பில் வேலை செய்யும் தோட்டத்துப் பொடியன்கள் சேர்த்து அனுப்பிய காசு கொஞ்சம் கையில் இருக்கிறது. டிரம் செட் வாங்குவதா, மிருதங்கம் வாங்குவதா? யாரை வைத்துப் பழக்குவது? மழையில் தோல் வாத்தியம் தாங்குமா? கடைசியாக, ஒன்பது வயதுப் பையன் ஒருவன் எந்நேரமும் எதையாவது தட்டிக்கொண்டே இருக்கிறானாம், அவனை என்ன செய்வது?

தம்பி, நான் இருபது வருடத்துக்கு மேல் மலையகப் பாடசாலைகளில் மிருதங்கம் பழக்கியவன். இளமையில் கல்யாண வீடுகளுக்குப் போகும் இசைக்குழுவில் டிரம்ஸும் வாசித்திருக்கிறேன். அதனால் இரண்டு பக்கத்து ஆசையும் எனக்குத் தெரியும். காசை இப்போதைக்கு வங்கியிலேயே விட்டு வையுங்கள். முதல் இரண்டு மாதத்துக்கு உங்களுக்குத் தேவை பிள்ளைகளின் வாய், கை, கால் மூன்றும்தான். அதற்குப் பிறகு வாங்க வேண்டிய முதல் வாத்தியம் தப்பு, பறை என்றும் சொல்வார்களே அதுதான். டிரம் செட் கடைசியில்.

ஏன் வாயிலிருந்து தொடங்கச் சொல்கிறேன் என்றால், வாயில் வராத கணக்கு கையிலும் வராது. நம்முடைய பழைய வாத்தியார்கள் சொற்கட்டைச் சொல்ல வைத்துவிட்டுத்தான் மேளத்தில் கை வைக்க விட்டார்கள். தகிட என்றால் மூன்று, தகதிமி என்றால் நான்கு, தகதகிட என்றால் ஐந்து. ஆனால் ஏழு வயதுப் பிள்ளைக்கு "திஸ்ரம், சதுஸ்ரம், கண்டம்" என்று ஆரம்பித்தால் அடுத்த வாரம் பாதிப் பேர் வரமாட்டார்கள். நான் ஊர்ப் பேரில் தொடங்குவேன். பதுளை: மூன்று தட்டு. கொட்டகலை: கொட்-ட-க-லை, நான்கு. நுவரெலியா: நு-வ-ரெ-லி-யா, ஐந்து. ஹட்டன் இரண்டு. நெடில், குறில் பார்க்காமல் எல்லா அசையையும் ஒரே அளவில் சொல்ல வைக்க வேண்டும். வேகமாகச் சொன்னால் நுவரெலியாவில் ஒரு எழுத்தை விழுங்கிவிடுவார்கள். அங்கேதான் நீங்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

அப்புறம் ஊர்களைச் சேர்த்துவிடுங்கள். பதுளை கொட்டகலை என்றால் ஏழு, அதுதான் மிஸ்ரம். கொட்டகலை நுவரெலியா என்றால் ஒன்பது, சங்கீர்ணம் வந்துவிட்டது. பெரிய பெயர்களைப் பிறகு சொல்லிக்கொள்ளலாம். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, ஒவ்வொரு ஊரின் முதல் எழுத்துக்கு மட்டும் கை தட்டச் சொல்லுங்கள், மற்றவை வாயில் மட்டும். "பதுளை பதுளை ஹட்டன்" என்று சொல்லி அப்படித் தட்டிப் பாருங்கள். மூன்று, மூன்று, இரண்டு, மொத்தம் எட்டு. அந்தத் தட்டை இரண்டு நிமிடம் விடாமல் ஓட்டினால் யாராவது ஒரு பிள்ளை "சேர், இது பாட்டுல வருமே" என்று சொல்லும். வரும்தான். சினிமா ஆட்டப் பாட்டுகளில் எத்தனையோ இந்தக் கணக்கின் மேல் ஓடுகின்றன. "பதுளை பதுளை" மட்டும் சொன்னால் ஆறு. அதைச் சற்று வேகமாக ஓட்டினால் பைலா ஆட்டப் பாட்டுப் பக்கம் போய்ச் சேரும்.

கையில் தட்டுவதை உள்ளேயே வைத்திருக்க வேண்டாம். லயத்து (தோட்ட வீட்டு வரிசை) படிக்கட்டு இருக்கிறதல்லவா, அதில் ஏற வையுங்கள். காலுக்கு ஒரு எண்ணிக்கை, வாய்க்கு நான்கு சொல். பிறகு அதே நடை, வாயில் எட்டு. கால் வேகம் மாறக் கூடாது. வேகம் இரட்டிப்பதைக் காலம் என்று சங்கீதக்காரர்கள் சொல்வார்கள், அதை இந்தப் பிள்ளைகள் மூச்சிரைக்க ஏறியே படித்துவிடுவார்கள். ஆதி தாளத்தைக் கையில் போட வைப்பது அடுத்த கட்டம். நான்கு, இரண்டு, இரண்டு என்று எட்டு அட்சரம். ஒரு கை தாளம் போட, வாய் கொட்டகலையை எட்டு முறை சொல்ல, சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் இடத்தில், வந்து விழ வேண்டும். சரியாக விழுந்த அன்று அவர்கள் முகத்தைப் பாருங்கள்.

சரி, வாத்தியத்துக்கு வருவோம்.

தப்பு என்றதும் உங்கள் சங்கத்திலேயே இரண்டு பேர் முகம் சுளிப்பார்கள், தெரியும். நான் ஒரு பாடசாலையில் தப்பு வகுப்பு வைக்கலாம் என்று சொன்னபோது ஒரு தாய் வந்து, "எங்க பிள்ளைக்கு மிருதங்கம் பழக்குங்க சேர், இதெல்லாம் வேணாம்" என்றார். அவர் பிள்ளையின் நல்லதைத்தான் நினைத்தார். சாவுக்கு அடிக்கிற வாத்தியம், இன்ன சாதிக்காரர் அடிக்கிற வாத்தியம் என்று ஒரு நூறு வருடப் பேச்சு அதன் மேல் கிடக்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் ஆட்களை விடியற்காலையில் எழுப்பி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்கு அனுப்பியது தப்பு. மாசி மாதம் காமன் கூத்தில் ரதியும் மன்மதனும் ஆடுவது தப்புக்கு. திருவிழாவுக்கு ஒரு அடி, சாமி வருவதற்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் எந்த வீட்டுக் காரியம் என்று சொல்லிவிடுவார்கள். அவ்வளவு கேள்வி ஞானத்தை உள்ளே வைத்துக்கொண்டு வருகிற பிள்ளைக்கு வேறு எந்த வாத்தியத்தில் தொடங்கினாலும் நஷ்டம்தான்.

கைக்கணக்காகப் பார்த்தாலும் தப்புதான் நல்லது. இடது கையில் மெல்லிய நீளக் குச்சி, வலது கையில் தடித்த கட்டைக் குச்சி. இரண்டு கைக்கும் இரண்டு வேலை, இரண்டு சத்தம். நின்றுகொண்டே அடிக்கலாம், நடந்துகொண்டே அடிக்கலாம், ஆடிக்கொண்டே அடிக்கலாம். சின்னப் பிள்ளையை ஒரு மணி நேரம் சம்மணம் போட்டு உட்கார வைப்பது எவ்வளவு பாடு என்று பழக்கினவர்களுக்குத் தெரியும். நாளைக்கு அதே பிள்ளை டிரம் செட்டுக்குப் போனால் கைகளைப் பிரித்து வேலை வாங்கத் தெரிந்திருக்கும்.

அதனால் உங்கள் தோட்டத்தில் தப்படிக்கும் பெரியவர் யார் என்று பாருங்கள். நிச்சயம் ஒருவராவது இருப்பார். அவரை வகுப்புக்கு அழையுங்கள், "வந்து ஒரு நாள் காட்டிட்டுப் போங்க" என்று கூப்பிடாதீர்கள். டவுனிலிருந்து வரும் மாஸ்டருக்கு என்ன சம்பளம் பேசுவீர்களோ அதே சம்பளத்தை அவருக்கும் பேசுங்கள். கதிரையில் உட்கார வைத்து, தேத்தண்ணியை மற்றவர்களுக்குக் கொடுக்கும் அதே கோப்பையில் கொடுங்கள். பிள்ளைகள் அதைப் பார்க்கும். நான் சொன்ன அந்தத் தாய், வருடக் கடைசிக் கலைவிழாவில் மகள் தப்படித்து ஆடியதை முன் வரிசையில் இருந்து தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பெரியவருக்கு ஒரு சிக்கல் இருக்கும். அவருக்கு அடிக்கத் தெரியும், பிரித்துச் சொல்லத் தெரியாமலிருக்கலாம். "இப்படி அடி" என்று முழு வேகத்தில் அடித்துக் காட்டுவார், பிள்ளை திகைத்து நிற்கும். அங்கேதான் உங்கள் வேலை. அவர் அடிப்பதைச் சொல்லாக மாற்றி, எத்தனை எண்ணிக்கை என்று கண்டுபிடித்து, பாதி வேகத்தில் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். தொலைபேசியில் பதிந்துகொள்ளுங்கள், அவருக்குப் பின்னால் அந்த அடிகள் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது.

பதினெட்டுப் பேருக்கு ஆறு தப்பு போதும். மற்றவர்கள் கைதட்டு, சொற்கட்டு, ஜால்ரா என்று சுழற்சியில் இருக்கட்டும். வீட்டில் பழக, பலகைத் துண்டின் மேல் பழைய டியூப் ரப்பரை இழுத்து ஆணியடித்துக் கொடுங்கள். லயத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை தூங்கும், நைட் வேலை முடித்து வந்தவர் படுத்திருப்பார். ரப்பர் பலகை சண்டையை மிச்சப்படுத்தும். சின்னக் கைக்குக் கொய்யாக் கொம்பில் குச்சி சீவிக் கொடுத்தால் போதும். பால்மா டின்னும் பெயின்ட் வாளியும் கூட நல்ல வாத்தியங்களே. ஆனால் டின்னுக்குள் துணியைத் திணித்துவிடுங்கள்.

பெண் பிள்ளைகளைக் கழித்துவிடாதீர்கள். "மேளம் ஆம்பளப் பிள்ளைக்கு, நீ டான்ஸுக்குப் போ" என்று சொல்லிச் சொல்லியே நல்ல கைகளை இழந்திருக்கிறோம். கும்மியும் கோலாட்டமும் பழகிய பிள்ளைக்குத் தாளம் ஏற்கெனவே உடம்பில் இருக்கும்.

ஆறு மாதம் போகட்டும். அதற்குள் யார் உட்கார்ந்து நுணுக்கமாகச் செய்யக்கூடிய பிள்ளை என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அப்படி மூன்று நான்கு பேர் தேறினால் இரண்டு மிருதங்கம் வாங்குங்கள். பெரியவர்கள் வாசிக்கும் 24 அங்குல மிருதங்கம் சின்னக் கைக்கு எட்டாது, 20 அங்குலம் அளவில் கேட்டு வாங்குங்கள். வலது பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கிறதே, சாதம், அது ஏன் என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். வெறும் தோலில் எழும் ஒலிகள் ஒன்றுக்கொன்று சுருதி சேராமல் இருக்கும், நடுவில் அந்தப் பாரம் ஏறும்போது அவை ஒழுங்காகச் சேர்ந்து நாதமாகின்றன. சி. வி. ராமன் 1920ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். விஞ்ஞானப் பாடத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இதைச் சொல்லிப் பாருங்கள், மிருதங்கத்தை வேறு கண்ணால் பார்க்கும்.

மிருதங்கத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தரம் 6இலிருந்து பாடசாலையில் அழகியல் பாடமொன்று எடுக்க வேண்டும், கர்நாடக சங்கீதம் அதில் ஒன்று. வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகளைப் படிப்படியாக எழுதலாம். அதற்கு மேலே ஆசை இருந்தால் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இராமநாதன் பெயரில் உள்ள இசை, நடனப் பீடமும் மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகமும் இருக்கின்றன. தப்புக்கு இப்படி ஒரு ஏணி இல்லாதது நம் கல்வி முறையின் குறை, பிள்ளையின் குறையாக அதை ஆக்கிவிடக் கூடாது.

இடக்கைப் பிள்ளை வந்தால் கையை மாற்றாதீர்கள். மிருதங்கத்தைத் திருப்பி வைத்தால் முடிந்தது. பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கையால் வாசித்தவர், அவரைக் கேட்டு அழாதவர் இல்லை. டிரம் செட்டில் கதை வேறு. பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் இடக்கைக்காரர், ஆனால் வலக்கைக்காரர் போல அடுக்கிய செட்டிலேயே வாசித்தார். பிள்ளை எதில் சுகமாக இருக்கிறதோ அதை இரண்டு வாரம் பார்த்து முடிவு செய்யுங்கள்.

தவில் வேண்டாம். யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தி பிறந்த நாட்டில் இருந்துகொண்டு இப்படிச் சொல்வது எனக்கே உறுத்துகிறது. ஆனால் அது தோளிலும் விரலிலும் கேட்கும் பலம் பத்து வயதுப் பிள்ளையிடம் இல்லை. விரல் கூடு போட்டு அடித்துக் கை வீங்கி, அதோடு மேளத்தையே வெறுத்த பையனைப் பார்த்திருக்கிறேன்.

இனி மழை. நுவரெலியா 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் பக்கம் அதைவிடத் தாழ்வு என்றாலும், வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக்காற்று உங்கள் தலைக்கு நேரே வந்து நிற்கும். தோல் ஈரத்தைக் குடித்தால் தளரும், தளர்ந்தால் சத்தம் தொப்பென்று விழும். தப்புக்கு மருந்து நெருப்பு. கவாத்து மிலாறை, அதாவது தேயிலைச் செடியை வெட்டும்போது விழும் குச்சியை, கொஞ்சம் கூட்டி எரித்து, சுவாலையில் படாமல் சூட்டில் மட்டும் காட்டிக் காய்ச்ச வேண்டும். எப்போது போதும் என்று கண்ணால் தெரியாது. விரலால் சுண்டிக் கேட்டுத் தெரிந்துகொள்வதுதான். இதைப் பெரியவரிடம் விடுங்கள், பிள்ளைகளை எட்ட நிறுத்திப் பார்க்க வையுங்கள். செயற்கைத் தோல் போட்ட தப்பு கிடைத்தால் இரண்டு வாங்கிக்கொள்ளலாம். நாதம் குறைவு, ஆனால் அடை மழை நாளில் வகுப்பு நிற்காது.

மிருதங்கத்தை நெருப்புப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். சாதம் வெடித்து உதிரும். ஒரு முறை நான் பழக்கிய பாடசாலை ஒன்றில், ஆகஸ்ட் விடுமுறைக்கு முன் இரண்டு மிருதங்கத்தையும் பொலித்தீன் உறையில் நன்றாகச் சுற்றி அலுமாரியில் பூட்டினார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். நானும் பார்த்துவிட்டுப் பேசாமல் வந்தேன், அதனால் பாதிப் பிழை என்னுடையது. திறந்தபோது தோல் முழுக்கப் பூஞ்சணம். வாசிக்கும்போது இடது பக்கம் பிசைந்து ஒட்டும் ரவையைச் சுரண்டாமல் வைத்திருந்ததால் அலுமாரிப் பின் ஓட்டை வழியாக எலி வந்து அந்தப் பக்கத்துத் தோலையும் சேர்த்துத் தின்றிருந்தது. மூட்டு (தோல் முகம்) மாற்ற ஆள் தேடிக் கொழும்புக்கு அனுப்பித் திரும்பி வர ஒரு தவணை போய்விட்டது. ஆகவே துணி உறை மட்டும் போடுங்கள். வாசித்து முடிந்ததும் ரவையை வழித்து, ஈரத் துணியால் துடைத்து, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். தரையில் வைக்காமல், காற்று ஓடும் அறையில் உயரத்தில் வையுங்கள். விடுமுறையில் யாராவது ஒரு பிள்ளையின் முறை வைத்து வாரம் ஒரு நாள் எடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கிற வாத்தியத்துக்குப் பூஞ்சணம் பிடிப்பது குறைவு.

டிரம் செட்டை நான் வெறுக்கவில்லை. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அதில்தான் ஆசை இருக்கும், அதை மதிக்க வேண்டும். இரண்டாம் வருடத்தில் வாங்குங்கள், செகண்ட் ஹேண்டாகவே வாங்குங்கள். 7ஏ என்று வரும் மெல்லிய ஸ்டிக் சின்னக் கைக்கு நல்லது. முதல் பாடம் வல-இட-வல-வல, இட-வல-இட-இட. இதற்கு அங்கே பாரடிடில் என்று பெயர், நம் பிள்ளைக்குத் "தகதிமி தகதிமி" என்றாலே பிடிபடும். வேகம் எண்ணித் தரும் மெட்ரோனோமை 60இல் வைத்து, அங்கேயே ஒரு வாரம் இருங்கள். பிள்ளைகள் செய்யும் பிழை எப்போதும் ஒன்றுதான்: சத்தம் கூடினால் வேகமும் கூடும். அதனால் அதே வேகத்தில் எட்டு எண்ணிக்கை உரக்க, எட்டு எண்ணிக்கை சத்தம் குறைத்து என்று மாற்றி மாற்றி வாசிக்க வையுங்கள். சத்தம் குறைத்து வாசிப்பதுதான் கஷ்டம் என்று அவர்களே சொல்வார்கள்.

காதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தகரக் கூரை போட்ட சின்ன அறையில் டிரம் செட் வாசித்தால் 100 டெசிபல் எளிதாக வரும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அந்தச் சத்தத்தை வாரத்துக்கு 20 நிமிடம்தான் கேட்கலாம், அதுவும் பெரியவர்களுக்கு. டிரம் மேல் துவாய் போடுங்கள், காதடைப்பு கொடுங்கள், ஒருவர் வாசிக்கும்போது மற்றவர்கள் வெளியே நிற்கட்டும். எனக்கு இடது காதில் இப்போதும் ஒரு ரீங்காரம் இருக்கிறது, கல்யாண வீட்டுக் காலத்துச் சொத்து.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் கண்டிய நடனம் பழக்கும் ஆசிரியர் இருந்தால் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த நடனத்துக்கு வாசிக்கும் கெட்ட பெர மேளத்தின் முதல் பாடம் தத், ஜித், தொம், நம். நம் மிருதங்கத்தின் முதல் பாடம் தத், தித், தொம், நம். இதை நான் சொல்லிக் கேட்பதைவிட, அந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று வாசித்துக் காட்டும்போது கேட்க வேண்டும். எங்கள் பிள்ளைகள் முதலில் சிரித்தார்கள், பிறகு இரண்டு பக்கமும் சேர்ந்து வாசித்தார்கள், ஆசிரியர்கள் நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டோம்.

அந்த ஒன்பது வயதுப் பையனைத் திட்டாதீர்கள். தப்பையும் உடனே கையில் கொடுத்துவிடாதீர்கள், மற்றப் பதினேழு பேரும் அவனுக்குப் பின்னால் ஓட வேண்டியதாகிவிடும். ஜால்ராவைக் கொடுங்கள். பஜனையில் ஜால்ரா பிடிக்கிறவர் தடுமாறினால் கூட்டமே தடுமாறும். எல்லாரும் அவனைப் பார்த்துத்தான் அடிக்க வேண்டும் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். முதல் நாள் ஓடுவான். இரண்டாம் நாள் பெரிய பிள்ளைகள் முறைப்பார்கள். ஒரு மாதம் பொறுங்கள். அது வரைக்கும் ஜால்ராவை வீட்டுக்கு மட்டும் கொடுத்தனுப்பாதீர்கள், அவன் அம்மாவுக்கு நான் பதில் சொல்ல முடியாது.